பக் யார் லாக்கரில்

நவம்பர் 14, செவ்வாய்

இன்று பயிற்சியில் கோலெட் அடித்த பக் தொடையில் பட்டு, கருநீலத்தில் ஒரு வட்டம், அந்த ரப்பர் வட்டின் அளவிலேயே. கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியில் இது எனக்கு மூன்றாவது வருடம். இதுவரை உருப்படியாகச் சம்பாதித்தது இந்த வட்டங்களைத்தான். ஆட்டத்தன்று எனக்கு வேறு வேலை: பெஞ்சுக் கதவைத் திறப்பது, மூடுவது. மாற்று கோல்கீப்பர் என்றால் அதுதான் வழக்கம். எங்கள் கேப்டன் கோலெட் அதற்காகவே எனக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வலையில் நிற்பது பிரிட்டா. நாலாம் வருடம். அவள்மேல் எரிச்சல்படலாம் என்றால் அதற்கும் வழியில்லை, அவ்வளவு நல்லவள், அவ்வளவு நன்றாக ஆடுகிறாள்.

எங்கள் கோச் தீபோ அம்மா பேச்சில் மகா கஞ்சம். ஆட்டத்தன்று விடியும்போதே வந்து, யார் வலையில் நிற்கப் போகிறாளோ அவள் லாக்கரில் ஒரு பக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார். அறிவிப்பு அவ்வளவுதான். கதவில்லாத மர லாக்கர்கள், எல்லோர் கண்ணிலும் படும். பக்கைப் பார்த்த நொடியிலிருந்து ஆட்டம் முடியும்வரை அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் தனியாக இருக்க வேண்டும், அது அவளுக்குக் கொடுக்கிற மரியாதை.

நான் வந்த நாளாகப் பக் பிரிட்டாவின் லாக்கரில்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் லாக்கரை ஒரு பார்வை பார்ப்பேன். சீட்டே வாங்காமல் லாட்டரி முடிவு பார்க்கிற ஜன்மம்.

டிசம்பர் 2, சனி

எதிரணிக்காரி ஒருத்தி விளாசிய பக் நேராக பிரிட்டாவின் முகக் கவசத்தில். சத்தம் பெஞ்சு வரை கேட்டது. விழுந்தாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டேன். எழுந்தபோது எனக்குள் இருந்தது பயமா, ஆசையா? இரண்டும் ஒரே மாதிரிதான் அடித்துக்கொண்டன.

பிரிட்டா எழுந்து நின்று, சிரித்து, கையை ஆட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஜெயித்தோம். நான் கதவைத் திறந்தேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

வீடு. அம்மா சாப்பாட்டு மேசையில் இந்த வருடமாவது உன்னை இறக்குவார்களா என்று ஆரம்பித்தாள். அப்பா உடனே பனி பெய்வதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நல்ல மனிதர்.

ஜனவரி 5, வெள்ளி

பக் என் லாக்கரில்.

ஜனவரி 6, சனி

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

முதலில் கோலெட்டின் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எதையாவது சொல்லி வம்பிழுக்காமல் அவளால் இருக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பிறகு அறையே வாயை மூடிக்கொண்டது. பிரிட்டா குனிந்து ஸ்கேட் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

கோச் உள்ளே வந்தார். என் லாக்கரைப் பார்த்தார், பிரிட்டாவைப் பார்த்தார். வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைக் காகித டம்ளரில் துப்பிவிட்டு வெளியே போனார்.

காலைப் பயிற்சியில், அன்று ஆடப் போகிறவள் முதலில் ஐஸை விட்டு இறங்கிவிடுவாள். மற்றவள் கடைசிவரை நின்று எல்லோரும் அடிக்கிற அடியை வாங்க வேண்டும். பழக்க தோஷம், நான் நின்றுகொண்டே இருந்தேன். பிரிட்டா வந்து தோளால் இடித்தாள். "போடி, உனக்கு இங்க என்ன வேலை" என்றாள்.

நேற்றும் இன்றும் ஆட்டம், இரண்டு நாளும் ஜெயித்தோம். எல்லோரும் என் தலையில் தட்டினார்கள். ஆனால் ஏன்? பிரிட்டாவுக்கு அடியா? கோச்சோடு சண்டையா? நான் உண்மையாகவே தேறிவிட்டேனா? யாரிடம் கேட்பது? எங்கள் ஊரில் பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும், "இன்னிக்கு கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டேதான் வாளியோடு போவார்கள். நேராகக் கேட்பது என்கிற பழக்கமே கிடையாது. எனக்கும்தான்.

ஜனவரி 13, சனி

வெளியூர் ஆட்டம். பக் என் பையின் மேல் இருந்தது. ஜெயித்தோம்.

அப்பாவும் அம்மாவும் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். அம்மா அழுதாள். அப்பா "மோசமில்ல" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. அவர் அதையே இரண்டாம் முறை சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது.

ஜனவரி 20, சனி

ஆட்டத்தன்று யாரும் என்னோடு பேசுவதில்லை. வழக்கம்தான், தெரியும். பிரிட்டாவிடம் நானே அப்படி எத்தனையோ முறை வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் வெளியே நின்று அந்த மௌனத்தைப் பார்ப்பது வேறு, உள்ளே உட்கார்ந்திருப்பது வேறு. இது மரியாதையா, கோபமா? பிரிட்டாவின் இடத்தை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று நினைக்கிறார்களா? மரியாதையும் கோபமும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு இருந்தால் நான் என்ன கண்டேன்.

இதில் வேடிக்கை, பேசுகிற ஒரே ஆள் பிரிட்டா. ஆட்டத்தன்று காலையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வளவள என்று பேசுகிறாள், அவள் அண்ணன், அவன் லாரி, அவன் காதலி. வழக்கத்தை அவளே மீறுகிறாள். என்மேல் அவளுக்குக் கோபமில்லை என்று காட்டுகிறாள் போலிருக்கிறது. நன்றி சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஜனவரி 27, சனி

தோற்றோம். 4–1. இதோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

முடியவில்லை. பக் என் லாக்கரில்தான். குழப்பமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. தோற்ற பிறகும் கோச் என்னைத்தான் எடுக்கிறார் என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தானே?

பிப்ரவரி 10, சனி

அர்த்தம் அதில்லை.

நேற்று காலை சீக்கிரமே ஐஸ் ரிங்குக்குப் போனேன். கையுறையை முந்தின நாள் ஈரத்தோடு விட்டுவிட்டேன், காயவைக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் யாருமில்லை. பக் பிரிட்டாவின் லாக்கரில் இருந்தது.

சரி, அவள் நேரம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். கையுறையை எடுத்துக்கொண்டு பின்னால் சூடாக்கும் அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பிரிட்டா வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக் என் லாக்கரில் இருந்தது.

"சீக்கிரம் வந்துட்டியா?" என்றாள். "கையுறை" என்றேன். அவள் அண்ணன் லாரியைப் பற்றி ஆரம்பித்தாள்.

அப்புறம் ஆடினேன். அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஐந்து கோல் விட்டேன். ஒவ்வொரு பக்கும் வரும்போது, இது என்னுடையது இல்லை, இது என்னுடையது இல்லை என்றுதான் ஓடியது.

அப்ப இத்தனை நாளா? அந்த முதல் வெள்ளிக்கிழமையா? அப்பா ரெண்டு தரம் மோசமில்லன்னு சொன்னாரே, அந்த ஆட்டமுமா? கோச் ஒருநாளும் என்னை எடுக்கவே இல்லையா? இவ எதுக்கு எனக்குப் பிச்சை போடுறா? நான் கேட்டேனா?

பிப்ரவரி 13, செவ்வாய்

எங்கள் ஊரில் மனம் விட்டுப் பேச வேண்டுமானால் ஐஸில் ஓட்டை போட வேண்டும். பிரிட்டாவின் அண்ணனுக்கு உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிசை இருக்கிறது. போகலாமா என்று கேட்டேன். அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும்.

சின்ன ஹீட்டர், இரண்டு கவிழ்த்த வாளி, நடுவில் ஓட்டை. இருவரும் தூண்டில் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம்.

"வெள்ளிக்கிழமை பாத்துட்டேன்டி" என்றேன்.

அவள் கயிற்றை ஓட்டைக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கினாள். பிறகு, "கண்ணு மூடிக்குது" என்றாள். முகத்தில் அந்த அடி வாங்கியதிலிருந்து, பக் உயரமாக வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறதாம். வலியில்லை, மயக்கமில்லை, டாக்டர் தேடுகிற எதுவும் இல்லை. வெறும் பயம். "நானா மூடலடி. அதுவா மூடிக்குது. கண்ண மூடிட்டு வலையில நிக்கிறவள நீ பாத்திருக்கியா?"

கோச்சிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். என்னவென்று சொல்வது, பயமாக இருக்கிறதென்றா என்றாள். பக்கை நகர்த்துவது சுலபமாக இருந்ததாம். முதல் நாள் கோச் வந்து திட்டுவார் என்று காத்திருந்தாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் நகர்த்தினாளாம்.

"அப்ப ஆட்டத்தன்னிக்கு எங்கிட்ட மட்டும் ஏன் பேசிக்கிட்டே இருந்த?" என்று கேட்டேன்.

கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள். "அது உன் பக் இல்லைன்னு எனக்குத் தெரியுமில்ல. அந்த மௌனத்தையும் சேத்துப் பொய்யாக் குடுக்க மனசு வரல."

நான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பும்தானோ என்னவோ. மீன் ஒன்றும் மாட்டவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

கோச்சின் அறைக்குப் போனேன். பிரிட்டா முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டாள் என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டேன். ஒரு தடவையாவது என் லாக்கரில் வைத்தீர்களா?

"இல்ல" என்றார்.

முதல் நாளே தெரியுமாம். வைத்த இடம் ஒன்று, இருந்த இடம் வேறு. அவளாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். வாராவாரம் அவள் லாக்கரில் வைப்பது, தயாராகிவிட்டாயா என்று கேட்பது மாதிரியாம். இரண்டு பேரும் ஒரு பக்கை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நான் அதை எடுத்துக்கொண்டு போய் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப நான் யாரு கோச்?"

விதைத் தோலைத் துப்பினார். "ஜெயிச்சுக்கிட்டிருந்த" என்றார்.

இது என்ன பதில்? வழியெல்லாம் யோசித்தேன். பாராட்டா, சமாளிப்பா? வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு. எனக்கும்தான், அந்த முதல் வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம். தலையே வெடிச்சிடும் போல இருக்கு.

பிப்ரவரி 20, செவ்வாய்

போன வார இறுதியில் ஆட்டமில்லை. வியாழன் முதல் தினமும் பயிற்சிக்குப் பிறகு கோச் பிரிட்டாவை வலையில் நிறுத்தி, முகத்துக்கு நேராக டென்னிஸ் பந்து எறிகிறார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. நானும் எறிகிறேன். இன்று கடைசியில் உண்மையான பக்கை கோலெட் உயரமாக அடித்தாள். பிரிட்டா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பிடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

சனிக்கிழமை ப்ளேஆஃப். ஒரே ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. அவள் தேறிவிட்டாள். இனி கோச் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் தேறியதில் எனக்குச் சந்தோஷமா? சந்தோஷம்தான். அப்படியானால் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அவர் கையால் என் லாக்கரில் வைக்கட்டும். வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

பிப்ரவரி 24, சனி

காலையில் பிரிட்டா தன் வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். "சேந்தே போவோம். அப்ப யாரும் நகத்துனாங்களான்னு கேள்வியே வராது" என்றாள். வண்டிக்குள்ளும் மூச்சுவிட்டால் புகை. வழி நெடுக அவள் பேச்சு நிற்கவில்லை. அண்ணன் நேற்று ஒரு பெரிய மீன் பிடித்தானாம். அது பனியில் விறைத்துக் கட்டையாகக் கிடந்ததாம்.

ரிங்கின் நடைபாதையிலும் அதே கதை. "செத்துப்போச்சுன்னு நெனச்சு எங்கம்மா அத சிங்க்ல போட்டாங்களா, தண்ணியத் திறந்ததும் அது—"

கதவைத் தள்ளினாள். அறையில் எங்களைத் தவிர யாருமில்லை.

பக் என் லாக்கரில் இருந்தது.

பிரிட்டா பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, குனிந்து, ஸ்கேட் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பயிற்சியில் நான் முதலில் ஐஸை விட்டு இறங்கினேன். அவள் கடைசிவரை நின்று எல்லோர் அடியையும் வாங்கினாள்.

இதை மதியம் எழுதுகிறேன். இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை. அவள் பேசாமல் இருப்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

தோற்றோம். கூடுதல் நேரத்தில், யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கே வெற்றி என்ற கட்டத்தில், பக் என் இடது தோளுக்கு மேல் போனது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். முழுதாகப் பார்த்தேன் அதை.

நேற்று பெஞ்சுக் கதவைத் திறந்து மூடியது பிரிட்டா. கோலெட் அவளை வாட்ச்மேன் என்று கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்து நான் உள்ளே வந்தபோதும் பிரிட்டாதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் லாக்கர் முன்னால் போய் உட்கார்ந்தேன். முகக் கவசத்தைக் கழற்றவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்காருவது தெரிந்தது.

"—அது ஒரே துள்ளா துள்ளி எங்கம்மா செருப்பு மேல விழுந்துச்சுடி" என்றாள் பிரிட்டா.

முகக் கவசத்தைக் கழற்றிவிட்டு, மீன் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வறுத்துத் தின்னுட்டோம்" என்றாள்.