போவன் என்ற உன் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வேல்ஸில் நர்ஸாக இருப்பது உனக்குத் தெரியும். அங்கே அவளோடு வேலை செய்யும் டாக்டரின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையின் படம் அது. ஆங்கிலத்தில் உன் பெயர். "அப்பா, போவன் மாமா பேரு!" என்று கீழே எழுதியிருந்தாள்.

சாயங்காலம் கூப்பிட்டபோது அவளே விளக்கினாள். அந்த ஊர் மொழியில் 'அப்' என்றால் மகன். ஓவனின் மகன் 'அப் ஓவன்'. சேர்த்துச் சொல்லிச் சொல்லி முன்னால் இருந்த அகரம் உதிர்ந்து போவன் ஆகிவிட்டதாம். நம்மைப் போலவே அங்கேயும் பழைய காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைத்தான் சேர்த்துச் சொல்வார்கள், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். அப்புறம் ஆங்கிலேயர் முறைப்படி பதிவேடு எழுதும் வழக்கம் வந்தது. எழுதியது எழுதியபடி நின்றுவிட்டது. இன்று அந்தக் குடும்பத்தில் பிறக்கும் பெண்ணுக்கும் போவன்தான்.

இதைக் கேட்காமலே நீ போய்விட்டாய். "இந்தப் பேருக்கு இன்னாதான்டா அர்த்தம்?" என்று கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நீ.

வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாய். முதல் நாள் வாத்தியார் பெயர் கேட்டார். "போவன்" என்றாய். "எங்கடா போவ? பேரச் சொல்லு" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்காமல் நின்று, உன் அம்மா சொன்னதை அப்படியே சொன்னாய். இரண்டு நாளாகப் பிரசவ வலியில் கிடந்தவளுக்காக, வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி ஜீப் போகாத பாதையில் மழையில் நடந்து வந்தாள். உன்னை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தபோது அப்பா அவள் பெயரைக் கேட்டார். சிஸ்டர் போவன் என்றாள். அதையே உனக்கு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வாத்தியார் அந்தப் பெயரைக் கேலி செய்யவில்லை.

உங்கள் கோயில் திருவிழாவுக்கு மூன்று வருஷம் வந்திருக்கிறேன். உன் அம்மா போட்ட சாமைச்சோற்றை உன் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றிருக்கிறேன். உன் தாத்தா பெயர், அவர் அப்பா பெயர் வரைக்கும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

நீ வாத்தியார் பயிற்சி முடித்தாய். எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மலையாளி என்ற மலைவாழ் இனச் சான்றிதழுக்கு நீ கொடுத்த மனு எங்கள் அதிகாரியின் மேசைக்கு வந்தது. அடுத்த வாரம் உனக்கு நேர்முகத் தேர்வு. அதிகாரி மனுவைத் தூக்கிப் பிடித்தார்.

"போவன்னு எந்த மலையாளி பேரு வெப்பான்? இவன நம்பி எப்படிக் கையெழுத்துப் போடறது? ஏம்பா, நீ கச்சிராயபாளையம்தான? இவன் உனக்குத் தெரிஞ்சவனா?"

நான் ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. தெரியும் என்றால், வேண்டியவனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைப்பாரோ, புது வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். "தெரியாதுங்க சார்" என்றேன்.

மனு மறுவிசாரணைக்குப் போயிற்று. 'பெயரில் சந்தேகம் உள்ளது' என்ற குறிப்பை என் கையாலேயே எழுதினேன். வெளியே வந்தால் நீ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்டா, கேக்கல" என்றேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். "பரவால்ல, வுடு" என்று எழுந்து, மஞ்சள் பையிலிருந்த புளியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய்.

பேரை மாற்றிக்கொண்டால் சுலபம் என்று யாரோ சொன்னபோது, "எங்கம்மா உசுரு அந்தப் பேருலதான் இருக்குது" என்றாயாம். சான்றிதழ் வந்தபோது இரண்டு வருஷம் போயிருந்தது. அந்த வேலை இன்னொருவனுக்குப் போயிருந்தது. அப்புறம் வந்த தேர்வுகளும் தட்டிப்போயின. வருஷாவருஷம் குடகுக்கு மிளகு பறிக்கப் போனாய். கரும்பலகையில் எழுத வேண்டிய கை ஏணி பிடித்துக் காய்த்துப்போயிற்று. நான் பதவி உயர்ந்து ஓய்வும் பெற்றேன். நீ கள்ளக்குறிச்சி வந்தால் என் வீட்டுக்கு வராமல் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். காபி ஆறுவதற்குள் வேறு பேச்சு வந்துவிடும்.

போன வருஷம் உன் சாவுக்கு வந்தேன். அடக்கம் முடிந்து என்னைப் பஸ் ஏற்ற உன் மகன் கூட நடந்து வந்தான். அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினான்.

"அப்பாவுக்குத் தெரியும் பெரீப்பா. அன்னைக்கி ஜன்னலுக்கு வெளியேதான் நின்னுக்கினு இருந்தாராம்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "இன்னா சொன்னாரு?"

"எங்கிட்ட ஒரே ஒருவாட்டிதான் சொன்னாரு. 'அவனுக்கு அப்ப வேல புதுசுடா, பயந்துட்டான்'னாரு. உங்க கிட்ட இதக் கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். மலையிறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

நீ மன்னித்துவிட்டாய் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிப்பு என்பது கேட்டு வாங்குவது. முப்பது வருஷத்துக்கு மேல் நீ என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாய், கேட்பதற்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தாய். நான் உனக்கு இன்னொரு காபி மட்டும்தான் கொடுத்தேன்.