நாளெல்லாம் ஒரே பாட்டு

ஃப்ரெஸ்னோ, சனிக்கிழமை

அன்பு அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலமே.

நான் வேலை செய்யும் வானொலி நிலையம் மறுபடியும் மாறுகிறது. முதலில் ராப், பிறகு பழைய காதல் பாட்டுகள், திங்கள் முதல் ரெகேடோன் ஆட்டப் பாட்டுகள். அறிவிப்பாளர்கள் எல்லோரையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நேயர்களின் ஆவலைத் தூண்டுவதற்காக அதுவரை ஒரே பாட்டுதான் ஓடுகிறது. மைக்கில் யாரும் பேசக் கூடாது. நான் போனை மட்டும் எடுக்கிறேன்.

நேற்று எங்கள் நேயர் எலோய்சா அம்மா கூப்பிட்டார். சிறையிலிருக்கும் மகனுக்காக வெள்ளிதோறும் ஒரு பாட்டைப் போடச் சொல்பவர்.

"என்னடி மகளே, ஒரே பாட்டைப் போட்டுக் கொல்றீங்க? என் ரமீரோ ரேடியோவைக் காதுல வச்சிட்டு உக்காந்திருப்பானே! நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவான்."

பட்டமளிப்பு விழாவில் தன் பெயரைக்கூடச் சத்தமாகச் சொல்லாத உன் மகள், பாட்டை நிறுத்தி மைக்கைத் திறந்துவிட்டாள்.

"ரமீரோ, உங்கம்மா நல்லா இருக்காங்க. உங்களையே நினைச்சிட்டிருக்காங்க" என்றேன்.

திங்களன்று வந்து பார்க்கும்படி மேலாளர் சொல்லியிருக்கிறார். சும்மா பேசத்தான் இருக்கும், கவலைப்படாதே.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு. இங்கே கிடைப்பதில் மணமே இல்லை. அப்புறம், வீட்டில் என் அறையை இப்போதைக்கு யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே.

போன் அடிக்கிறது.

உன் மகள்
இட்செல்