கற்பூரம் ஏற்றாத உலை

அன்பு மச்சான் மாரிமுத்துவுக்கு,

உன்னோடு சண்டை போடாமல் என் நாக்கு துருப்பிடித்துப் போய்விட்டது. சுகமா என்று கேட்கவும் வழியில்லை. நம் ஆலைச் செய்தியையாவது சொல்கிறேன்.

நம் நிலக்கரி உலையை நிரந்தரமாக அணைத்துவிட்டார்கள். இனி புது உலையில் தாதுவை இரும்பாக்குவது ஹைட்ரஜன் வாயுதானாம். கரும்புகை கிடையாது, நீராவிதான். அரசாங்கம் மானியம் தந்திராவிட்டால் முதலாளி ஆலையையே மூடியிருப்பார். பழைய ஆட்களை அனுப்பக்கூடாது, பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் நிபந்தனை. அதனால் இந்த வயதில் நானும் பரீட்சை எழுதினேன். சிரிக்காதே, பாஸ்.

பத்து காஜா ஊர்ப் பக்கம் நாம் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றதும், ஒரே சைக்கிளில் ஈப்போவுக்கு வேலை கேட்டு வந்தோமே, நினைவிருக்கிறதா? உலையைப் பார்த்ததும் நீ சொன்னாய்: "மச்சான், ரப்பர் மரம் மழை வந்தா லீவு குடுக்கும். இது குடுக்காது போல இருக்குலா."

முப்பது வருஷம் அதன் முன்னால் நின்றோம். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகும் உன் காது மடலில் கரி இருக்கும். அது நெஞ்சுக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது. நமக்குத்தான் உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபடி நீ கேட்டது ஒன்றே ஒன்று. "ஆயுத பூஜைக்கு உலைக்குக் கற்பூரம் காட்டாம விட்டுறாத மச்சான்." சத்தியம் செய்தேன். ஒரு வருஷமும் தவறவில்லை.

இந்த வருஷமும் தட்டோடு போனேன். வாசலிலேயே மறித்துவிட்டாள் உன் மகள் செல்வி. அவள்தான் இப்போது எங்கள் பாதுகாப்பு அதிகாரி. மானியத்துக்கு விண்ணப்பம் எழுதியதிலும் அவள் கை உண்டு.

"மாமா, கற்பூரம் உள்ள வரக்கூடாது. இந்த வாயுவுக்கு ஒரு பொறி போதும். உலையும் போயிரும், நாமளும் போயிருவோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவரு இருந்தா ஒன்னத் திட்டுவாரு."

"திட்டட்டும் மாமா. உயிரோட இருந்து திட்டியிருக்கலாம்லா?"

அவள் கண் கலங்கிவிட்டது. தட்டுக்காக நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை.

கொடுத்துவிட்டேன், மச்சான். புது உலைக்குச் சந்தனமும் பூவும்தான். பூசணிக்காயை ஆலை வாசலுக்கு வெளியே உடைத்தோம். எனக்கு மனசே ஆறவில்லை. உனக்குக் கோபமா?

பழைய சத்தியம் போனது போனதுதான். இப்போது வேறொன்று செய்து தருகிறேன். சாமி கும்பிடத்தான் என்று யார் தீப்பெட்டியோடு வந்தாலும், செல்விக்கு முன்னால் நான் நின்று மறிப்பேன். உன் பாடையைச் சுமந்த தோள் இது. உலை பலிவாங்கிய இன்னொருவனைச் சுமக்க மாட்டேன்.

சொல் தவறிய உன் மச்சான்,
கோவிந்தன்