குழாய்க்குள் கொதிக்கும் பெற்றோல்

26.06.2006, திங்கள்
வெயில். ஜெர்மனி என்று பேர், காலை எட்டு மணிக்கே 24 பாகை. மகளின் கலியாணத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

வேலை முடிந்து நேரே கராஜ். காரை எடுத்துக்கொண்டு மலையேறும் தெருவில் மூன்று சுற்று. மூன்றாவதில் சிவப்பு விளக்கில் நிறுத்தினேன், அதோடு செத்தது. ஒரு இருமல், ஒரு உதறல், அவ்வளவுதான். பின்னால் நின்றவன் ஹோன் அடித்தே காதைச் செவிடாக்கினான். பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிடம் தெரு விளிம்பில் குந்தியிருந்தேன். பிறகு ஒன்றும் நடக்காதது போல எஞ்சின் ஸ்ராட் எடுத்தது. சனியன்.

நோய் என்னவென்று தெரியும். 69ஆம் ஆண்டு அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர், எஞ்சின் அடுப்பு மாதிரி. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தால் பெற்றோல் குழாய் போகிறது. குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகும். பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், பெற்றோல் வராது. எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டும் காபரேற்றர் காய்ந்துவிடும். சூடு ஆறும்வரை கும்பிட்டாலும் அசையாது.

பதினெட்டு வருட மெக்கானிக். ஊராருடைய கார் என்றால் இரண்டு நாளில் திருத்திக் கொடுத்திருப்பேன்.

27.06, செவ்வாய்
பால், பாண், சவர்க்காரம் வாங்க வேண்டும்.

மகள் நிலா தொலைபேசி எடுத்தாள். சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னாள்.

"அப்பா, மணவறையிலை மாமாவும் மாமியும்தான் இருப்பினம். அம்மா அப்பிடி முடிவெடுத்திட்டா. கோவிக்காதேங்கோ."

"நான் ஏன் கோவிக்கிறன்?"

"ஆனா உங்கடை காரிலைதான் நான் வருவன். பிறகு நீங்கள்தான் கையைப் பிடிச்சு மணவறைப் படி மட்டும் கூட்டிக்கொண்டு போகவேணும். அதை நான் அம்மாட்டை அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

ஓம் என்றேன்.

நிலாவின் தாய் ச.வும் நானும் பிரிந்து ஆறு வருடம். தாரை வார்க்கச் சோடியாக இருக்க வேண்டும், நாங்கள் சோடி இல்லை. ஆகவே ச.வின் தமையன் தவமும் பெண்சாதியும். முறைப்படி சரிதான். ஆனாலும் நெஞ்சு எரிகிறது. பெத்த தகப்பனுக்கு மிஞ்சியது ஒரு காரும் வாசலிலிருந்து படிவரை முப்பது அடியும்.

29.06, வியாழன்
31 பாகை. செய்ய வேண்டியவை:
– பழைய பெற்றோலை இறக்க வேண்டும். தாங்கியில் கிடப்பது தை மாதத்தில் அடித்தது. குளிர்காலப் பெற்றோல் சீக்கிரம் கொதிக்கும். இது கூட யோசிக்காத நான் ஒரு மெக்கானிக்!
– தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, பார்.
– குழாயை எஞ்சினிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். மேலே சூடு தாங்கும் உறை.
– காபரேற்றருக்குக் கீழே சூடு ஏறாத தட்டு.
– மின் பம்ப், பின்னால், தாங்கிக்குப் பக்கத்தில். முன்னாலிருந்து உறிஞ்சுவதை விடப் பின்னாலிருந்து தள்ளுவது நல்லது.
– மிஞ்சின பெற்றோல் தாங்கிக்கே திரும்பிப்போக இன்னொரு குழாய்.
– வேட்டி சலவைக்கு.
– தலைமயிர் வெட்ட ரெர்மின், நேரம் கேட்டு வைக்க வேண்டும்.

01.07, சனி
முழு நாளும் கராஜ். பெற்றோல் இறக்கியாயிற்று. குழாய் மாற்றியாயிற்று. தட்டு ஒல்லாந்திலிருந்து வந்துவிட்டது.

வேலையிடத்து யூர்கன் வந்து பார்த்தான். பையில் இருந்து மரத்தாலான உடுப்புக் கிளிப் ஒரு பிடி எடுத்துக் குழாயில் வரிசையாகக் குத்தினான். அமெரிக்காவில் கிழவர்கள் இப்படித்தான் செய்வார்களாம், மரம் சூட்டை வாங்குமாம். கலியாணக் காரில் உடுப்புக் கிளிப்போ என்று சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தது. அவன் போனதும் கழற்றி எறிந்தேன்.

பின்னேரம் கராஜ் வாசலில் சும்மா இருந்தேன். ச. வீட்டை விட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையும் நான் இதே இடத்தில்தான், இதே காருக்குக் கீழே. வீட்டுக்குப் போய் அலுமாரி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தெரியும். நிலாவுக்கு அப்போது பதினெட்டு. என்னோடு இருக்கிறாயா என்று அவளைக் கேட்கவும் இல்லை.

03.07, திங்கள்
மறுபடியும் நின்றது. பாலத்துக்குக் கீழே. அங்கேயே ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பது வயது மனிதன், பட்டப்பகலில். ஒரு கிழவி கண்ணாடியைத் தட்டித் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வேறு காரில் கூட்டிப்போகலாம். வாடகைக்கு எத்தனையோ இருக்கிறது. ஆனால் நிலா வேறு எதையும் கேட்கவில்லையே. இதைத்தானே கேட்டாள்.

05.07, புதன்
33 பாகை. நேற்று ஜெர்மனி உலகக்கிண்ண உதைபந்தில் தோற்றது. வேலையிடத்தில் செத்தவீடு மாதிரி. யாரும் என்னோடு பேசவில்லை, நல்லதாகப் போயிற்று.

மின் பம்ப் பூட்டினேன். ஓட்டோபான் பெருந்தெருவில் 40 கி.மீ. போய் வந்தேன். நிற்கவில்லை. மலைத்தெரு ஐந்து முறை. நிற்கவில்லை! சிவப்பு விளக்கில் நான்கு நிமிடம் நிறுத்தினேன். நிற்கவில்லை.

மிஞ்சின பெற்றோலுக்கான திரும்புகுழாய் பூட்ட இன்னொரு முழு நாள் வேண்டும். விட்டுவிட்டேன். ஓடும்போது முன்னால் காற்று வரும், அது போதும். மெதுவாக ஊர்ந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும், ஊர்வலமா போகிறது?

07.07, வெள்ளி
கழுவி மெழுகினேன். வேட்டி வந்தது. சால்வையில் ஒரு சின்னக் கறை, தெரியாது.

கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை நீட்டிப் பார்த்தேன், எந்தக் கையால் பிடிப்பதென்று. விசரன்.

09.07, ஞாயிறு
பின்னேரம் நான்கு மணி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

9.30க்கு ச.வின் வீடு. கார் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. தவம் பெரிய பெட்டியோடு வாசலில். முழுக்கப் பூமாலை. றேடியேற்றருக்குக் காற்றுப் போகும் முன் கிறில்லில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து வரி கட்டினார், நடுவில் மாவிலைக் கொத்து. ஒரு விரல் போக இடமில்லை.

"மச்சான், முன்னுக்கு இவ்வளவு வேண்டாம். காத்துப் போகாது, சூடேறும்."

"என்ன கதைக்கிறியள்? கலியாணக் காரிலை கட்டின பூவைக் கழட்டுறதோ? வாய் கூசேல்லையோ உங்களுக்கு?"

சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ச. பார்க்கவில்லை. அந்த வாசலில் அதட்டிப் பேச நான் யார்?

நிலா வந்து முன் ஆசனத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பின்னால் ச.வும் தவத்தின் பெண்சாதியும். என் பிள்ளை என்ன வடிவு! சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். றேடியேற்றர் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சொல்லவில்லை.

பெருந்தெருவில் பிரச்சினை இல்லை. மண்டபத்துத் தெரு முனையில், முன்னால் போயிருந்த தவம் கையைக் காட்டி நிறுத்தினார். மேளக்காரர் நிற்கிறார்கள்.

"மாப்பிளைக்கு மட்டும் மேளமோ? எங்கடை பிள்ளையும் மேளத்தோடைதான் போகவேணும். நீங்கள் பின்னாலை மெல்ல மெல்ல வாங்கோ."

ஐந்நூறு மீற்றர், கொஞ்சம் ஏற்றம், 32 பாகை. மேளக்காரர் இரண்டடி வைப்பதும் நின்று வாசிப்பதும். கார் ஊர்கிறது. முன்னால் காற்று இல்லை, இருந்தாலும் பூ விடாது. முள் ஏறுகிறது. நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். 10.55க்கு இருமியது. 10.56க்கு நின்றது.

மேளக்காரருக்குத் தெரியவில்லை. வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். பிறகு ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"நிண்டுபோச்சோ? ஐயோ, என்ன கோதாரியடா இது!" தவத்தின் குரல். யாரோ தள்ளுவோம் என்றார்கள். "தள்ளுகாரிலையோ பொம்பிளை வாறது?" என்று அதற்கும் அவரே.

பொனற்றைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. ஈரத் துணியைப் பம்பில் போட்டேன், குழாயில் சுற்றினேன். நிலா இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"விடுங்கோ அப்பா. நூறு மீற்றர்தானே, நடந்து போவம். வாங்கோ." கையை நீட்டினாள். மருதோன்றிக் கை.

"நீ போ பிள்ளை. அஞ்சு நிமிசம். சூடு ஆறினா எடுத்திடும். நான் வாறன்."

இதை நான்தான் சொன்னேன். யாரும் சொல்ல வைக்கவில்லை. தவமும் இல்லை, ச.வும் இல்லை. என் கை சுத்தமாகத்தான் இருந்தது. முகூர்த்தத்துக்கு நேரமும் இருந்தது. அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. "அப்பா" என்று இன்னொரு முறையும் கூப்பிட்டாள். நான் காபரேற்றருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது தவம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் என்றது அரை மணித்தியாலம் ஆயிற்று. பூவை எல்லாம் பிய்த்தெறிந்தேன். கெட்டிமேளம் கேட்டது. 11.27. கையில் ஈரத்துணியோடு தெருவில் நின்று கேட்டேன். எதிர்வீட்டு ஜெர்மன்காரன் யன்னலில் நின்று கை தட்டினான்.

கார் 11.31க்கு எடுத்தது. மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே போகவில்லை. அறுகரிசி போட்டு வாழ்த்தும் வரிசை கதவுவரை நின்றது. திரும்பி வந்துவிட்டேன்.

சாப்பிடவில்லை. செத்துப்போகலாம் போல இருக்கிறது.

10.07, திங்கள்
மழை. 19 பாகை. வேலைக்குப் போகவில்லை, சுகமில்லை என்று அறிவித்தேன்.

பதினொரு மணிக்கு நிலா தொலைபேசி எடுத்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று காலையிலிருந்து சொல் தேடி வைத்திருந்தேன்.

"அப்பா, கார் எடுத்ததோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப சரி. வைக்கிறன்."