குதிக்காலை விட்டுவிட்ட கலாவுக்கு

எழுத்தூர்,
மன்னார்.
ஞாயிறு காலை

அன்புள்ள கலா,

இங்கே சுகம். உமது சுகத்தைப் போனில் கேட்கலாம்தான். ஆனால் உமது அறையில் இருக்கும் எல்லோரும் நான் சொல்வதையும் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கைருன்னிசா வெள்ளிக்கிழமை டோகா திரும்புகிறார். கருவாட்டுப் பொதியோடு இதையும் தருவார்.

நீர் அனுப்பிய இரண்டு வீடியோக்களையும் மாறி மாறிப் பார்த்தேன். மார்கழியில் எடுத்ததில் காலை முன்னால் நீட்டி, குதிக்கால் நிலத்தில் இடிக்க ஓடுகிறீர். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்று நிலம் துடைத்து, குதிக்கால் வலியோடு இப்படியும் ஓடுவதா என்று எனக்கு அப்போதே கோபம். இப்போது அனுப்பியதில் காலடி குறுகியிருக்கிறது. பாதத்தின் நடுப்பகுதி உடம்புக்கு நேர் கீழே, சத்தமில்லாமல் இறங்குகிறது. வேறு யாரோ ஓடுவது போல இருந்தது. இடது கை வழக்கம்போல வெளியே வீசுவதைப் பார்த்துத்தான் நீர் என்று நம்பினேன்.

நான் விளையாட்டு ஆசிரியர் பயிற்சி முடித்தவன். வலயக் கல்விக் கந்தோரில் எனக்கு வரவேண்டிய பதவியை யாருக்குக் கொடுத்தார்கள் என்று உமக்குத் தெரியும். நான் மறக்கவில்லை. அவ்வளவு படித்தும், நாற்பத்தாறு வயதில் ஒருவர் கால் பதிக்கும் விதத்தை மாற்றலாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

சோதித்துப் பார்க்கக் கீரிக் கடற்கரைக்குப் போனேன். குதிக்கால் படக்கூடாது, அவ்வளவுதானே என்று நுனிக்காலில் வள்ளங்கள் வரை ஒரே ஓட்டமாக ஓடினேன். இரண்டு கெண்டைக்காலும் இறுகிப் பிடித்தன. அங்கே நின்ற கழுதைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டோக்கார அஸ்மி கண்டுவிட்டு, “எழும்பி வாங்கோ சேர், அதுகள் உங்களையும் தங்கட ஆள் எண்டு நினைக்கப்போகுதுகள்” என்றான். அவன்தான் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான்.

கால் நீட்டிக் கிடந்தபோதுதான் விளங்கியது. உமது ஆஸ்பத்திரியில் கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் ஒருமுறை சொன்னதை வைத்துக்கொண்டு, முதலில் கொஞ்சத் தூரம், கால் பழகியபின் இன்னும் கொஞ்சம் என்று மாதக்கணக்கில் மாற்றியிருக்கிறீர். அதுவும் வேலை முடிந்து வந்து. கெண்டைக்கால் இப்படிப் பிடிக்கும் என்று ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. உம்மைப் போல ஓட்டக்காரி இந்தத் தீவில், என் வீட்டிலேயே இருந்தும் நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உமது அண்ணன் சிவசுப்பிரமணியம் உயிலங்குளத்திலிருந்து வந்தார். ஆனியில் உமது ஒப்பந்தம் முடிகிறதாம், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதுதான் புத்தியாம். அன்று ஏஜென்சி பிடித்து உம்மை அனுப்பியவரும் அவர்தான். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

முடிவு உம்முடையது. நான் மறிக்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். விடியும் நேரம், தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடலைக் கடந்து போகும் தள்ளாடித் தாம்போதியில் வாகனம் குறைவு. நேரான பாதை, இரு பக்கமும் தண்ணீர். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுத்தான் பக்கவாட்டில் தள்ளும். நான் இப்போது தினமும் வீட்டு வாசல் படலையிலிருந்து சந்தி வரை, நீர் செய்தது போல மெல்லப் பழகுகிறேன். ஆவணிக்குள் உம்மோடு தாம்போதியைக் கடக்கும் அளவுக்கு வந்துவிடுவேன்.

கேதீஸ்வரநாதர் உமது கால்களுக்குத் துணையிருக்கட்டும்.

காற்று வரும் பக்கத்தில் நான் ஓடுகிறேன். பின்தங்கினால் நிற்க வேண்டாம். ஒருதரம் திரும்பிப் பாரும், போதும்.

உமது,
பிரதீபன்