பன்னிரண்டு பாசிப் பொட்டலங்கள்

கோத்தா கினபாலு,
மார்ச் 3

தம்பி ஜிபினுக்கு அக்கா லொவினா எழுதுவது. நான் நலம். உன் நலம் கேட்க இன்று மனம் வரவில்லை. மலையில் உங்களுக்குச் சிக்னல் கிடைக்காததால், முட்டைக்கோஸ் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பாசிப் பொட்டலங்கள் பன்னிரண்டையும் ஆய்வகத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். முகட்டு மரப்பட்டை, பாறை, ஓடைக்கரை, உதிர்ந்த இலை என்று ஒவ்வொன்றின்மேலும் ஓர் இடம் எழுதியிருந்தாய். பாசிக்குள் காய்ந்து கிடந்து, நனைத்தால் எழும் நீர்க்கரடிகள் என்ற நுண்விலங்குகள் இடத்துக்கு இடம் மாறும். ஒன்றுக்கு முதுகில் கவசம், ஒன்றுக்கு முள், இன்னொன்று வழவழவென்று இருக்கும். உன் பன்னிரண்டிலும் உயிர்த்தெழுந்து எட்டுக் கால்களால் துழாவியது ஒரே வகை. கூடவே எல்லாவற்றிலும் குடற்புழு முட்டைகள், பச்சைப் பெயிண்ட் துகள்.

அந்தப் பச்சை எனக்குத் தெரியாதா? அம்மா வீட்டுக் கழிப்பறைச் சுவருக்கு நான் வாங்கிய பெயிண்ட். பன்னிரண்டையும் அங்கேயே சுரண்டியிருக்கிறாய். மதியச் சோற்றைத் திறக்கவே இல்லை. பக்கத்து மேசை ஃபஸிரா எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க மலை முழுக்க ஒரே குடும்பந்தான் குடியிருக்கா?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் உன்னைவிட என்மேல்தான் அருவருப்பு.

கிறிஸ்மஸின்போது நீ சொன்னாயே, "கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு விலாசம் வேறயாக்கா? பாசின்னா பாசிதான்" என்று. கேலி என்று விட்டுவிட்டேன். இது இப்படியே போனால், முகட்டில் தனியாக எதுவும் வாழவில்லை என்று எங்கள் ஆய்வக அறிக்கை சொல்லும். அங்கே கல் உடைக்க அனுமதி கேட்பவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். நம் மலைக்கு ஒரு கழிப்பறைச் சுவரா சாட்சி?

பொட்டலங்களில் பூசணம் பிடித்துவிட்டது என்று மேலதிகாரியிடம் பொய் சொன்னேன். பதினெட்டாம் தேதிவரை அவகாசம் கொடுத்திருக்கிறார். அந்தப் பொய் இன்னும் வாயில் கசக்கிறது.

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா பேச்சுவாக்கில், "உன் தம்பி வீட்டுப் படி ஏறவே சுவத்தைப் பிடிக்கிறான். கேட்டா எரிஞ்சு விழறான்" என்றாள். நேற்றுத்தான் அது எனக்கு உறைத்தது. மலையேறக் கால் ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தால் உன் மலை வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தாயா?

இத்துடன் புது உறைகள் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். ஏற முடிந்தால் ஏறு. முடியாவிட்டால் வெறும் உறைகளை அதே லாரியில் திருப்பி அனுப்பு. ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். அவை வந்தால் சனிக்கிழமை நான் வருகிறேன். நீ கீழே நின்று வழி சொல், நான் ஏறுகிறேன்.

உன் கால்களைக் கடவுள் காக்கட்டும். கைகளை நீயே சோப்புப் போட்டுக் கழுவு.

உன் அக்கா,
லொவினா