கத்தினால் கேட்க ஓர் ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

"சாதாரண புகை அலாரமே நல்லாத்தானே கத்தும், போனுக்குத் தகவல் சொல்ற அலாரம் எதுக்கும்மா, தண்டச் செலவு?" என்று கேட்டீர்கள். கத்தியதுதான் அப்பா. அடுப்பில் பாலை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பாத்திரம் கரி, அறையெல்லாம் புகை, அலாரம் தன்னந்தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறது. வேறொன்றும் ஆகவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

புதியது போனுக்குத் தகவல் அனுப்பும். ஆனால் தையல் ஆலை வாசலிலேயே எங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் உங்கள் நம்பரையும் சேர்த்திருக்கிறேன். தகவல் வந்தால் பதறாமல் ஆலை சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்; நம்பர் பின்பக்கம். போனை சைலன்டில் போடாதீர்கள்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

புகை வந்தால்தான் என்றில்லை அப்பா, சும்மாவும் கூப்பிடுங்கள்.

உங்கள் மூத்தவள்